ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போக என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலும் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் அறிவிப்பு வந்த வாரத்திலும் என் போனுக்கு ஓய்வு கிடையாது. கேட்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரிகள், பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்துச் சொல்வது.

சார், நான் டீச்சராகணும். எங்கிருந்து தொடங்கணும்?

எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். படிப்பு அதற்கு அப்புறம்தான். பலர் கையில் கிடைத்த பட்டத்தை வாங்கிக்கொண்டு, பிறகு "இதுக்கு எந்த வேலை கிடைக்கும்" என்று தேடுகிறார்கள். ஆசிரியர் வேலையில் அது செல்லாது.

ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேற வேண்டும். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். இதற்கு ஒரு பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். இதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் கிடையாது, நேராக டிஆர்பி நடத்தும் போட்டித் தேர்வுதான்.

பிளஸ் டூ முடிச்சாச்சு. எந்த டிகிரி சேர்ந்தாலும் பி.எட். படிக்கலாம்தானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காததால் மூன்று வருடத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவை பள்ளியில் நேரடியாக உள்ள பாடங்கள். இவற்றில் இளங்கலை முடித்தால் பி.எட். கதவு திறந்திருக்கும். வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், மனையியல் என்று போனால் கதை வேறு. தமிழ்நாட்டில் இந்தப் பாடக்காரர்கள் முதுகலையும் முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும். பி.காம். முடித்த பெண் ஒருத்தி, வீட்டில் கடன் வாங்கிக் கட்டணத்தைத் தயார் செய்து வைத்துவிட்டு, கவுன்சிலிங் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் இதைத் தெரிந்துகொண்டாள். அந்த விண்ணப்பத்தில் பாடப் பட்டியல் தொட்டால் விரியும் பெட்டியாக வரும். அதில் அவள் பாடத்துக்கு எதிரே முதுகலை மதிப்பெண் கேட்டது. பக்கத்து டவுன் கல்லூரியில் அப்போது அவளுக்குக் கிடைத்த இடம் பி.காம். மட்டும்தான். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆனால் முதல் நாளே தெரிந்திருந்தால் வரலாறோ தமிழோ எடுத்திருப்பாள்.

இன்னொரு பொறி, பாடத்தின் பெயர். 'பயன்பாட்டு', 'உயிரித் தொழில்நுட்ப', 'தகவல்' என்று ஒட்டு சேர்ந்த பட்டங்கள் எல்லாம் மூலப் பாடத்துக்கு இணை என்று யாரும் தானாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இணைத்தன்மை அரசாணை இருக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் தட்டுப்பட்டு வெளியே வந்தவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். கல்லூரியில் சேரும்போதே "இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தப் பட்டம் வேண்டாம்.

முதுகலை ஆசிரியர் ஆக நினைப்பவர்கள் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இளங்கலை கணிதம், முதுகலை தமிழ் என்று மாறினால் இரண்டு பக்கமும் சிக்கல்.

பி.எட். இருந்தா சின்னப் பிள்ளைகளுக்கும் எடுக்கலாம்னு சொன்னாங்களே?

ஒரு காலத்தில் அப்படி இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் பி.எட். பட்டதாரிகளும் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம், பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வழி. இதில் எனக்கு உடன்பாடுதான். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பதும், 'ட'வுக்கும் 'ப'வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பதும் ஒரே வேலை இல்லை.

அப்போ பட்டயமா, பி.எட்.டா? எது லாபம்?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் பி.எட்.தான். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. இதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். 2009 ஜூன் முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், தங்களுக்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்தவரோடு சம ஊதியம் கேட்டு ஏன் இத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

காலத்தைப் பார்த்தால் பட்டயம். பிளஸ் டூவுக்குப் பின் இரண்டே வருடத்தில் தகுதி கைக்கு வரும், பி.எட். வழியில் குறைந்தது ஐந்து வருடம், ஏனென்றால் 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு. வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்காதவர்கள் பட்டயத்தை முடித்துவிட்டு, பிறகு பட்டத்தைத் தொடரலாம். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து மேற்கொண்டு படித்துப் பதவி உயர்வில் போனவர்கள் எங்கள் ஒன்றியத்திலேயே பலர்.

பட்டயம் எங்கே படிக்கலாம்? செலவு?

உங்கள் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தை, அதாவது எல்லோரும் 'டயட்' என்று சொல்லும் அரசு நிறுவனத்தை, முதலில் பாருங்கள். கட்டணம் மிகக் குறைவு. பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தளர்வு உண்டு. பயிற்சிக் காலத்தில் பல வாரங்கள் உண்மையான பள்ளியில் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். தனியார் நிறுவனம் என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

பி.எட். கவுன்சிலிங் எப்படி?

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஆன்லைன் கலந்தாய்வு. சைதாப்பேட்டை, வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் விடுதி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சேருங்கள் என்பேன். தனியார் கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்குள் தங்கும் செலவும் சேர்ந்து முடிந்துவிடும்.

"கல்லூரிக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வேற மாநிலச் சர்டிபிகேட்" என்று போன் வரும். எடுக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு தரகரிடம் அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் நடந்த பையன் ஒருவன் உண்டு. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது.

தபால் வழியில் பி.எட்.?

எல்லோருக்கும் இல்லை. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்று தொடக்கக் கல்வியில் பணியில் இருப்பவர்கள், அல்லது நேரடி வகுப்பில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடித்தவர்கள் மட்டுமே தொலைநிலையில் பி.எட். படிக்க முடியும். பட்டயம் முடித்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. வெறும் பட்டதாரிக்கு இந்த வழி கிடையாது.

நாலு வருஷத்திலேயே டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்து கிடைக்குமாமே?

கிடைக்கும். ஐந்து வருடத்துக்குப் பதில் நான்கு. மைசூரில் இருக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் தமிழ்நாட்டுக்கும் சேர்த்தே நடத்தப்படுகிறது. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, ஊர்ப் பள்ளிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. பிளஸ் டூவில் நன்றாக எடுக்கும் பிள்ளை இருந்தால் டிசம்பரிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள், மே மாதம் கேட்டால் தேதி தாண்டியிருக்கும்.

டெட் பாஸ் பண்ணிட்டா வேலை உறுதிதானே?

இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டெட் தகுதித் தேர்வு. பத்தாம் வகுப்பு பாஸ் ஆனால் வேலை வந்துவிடுமா? அதுபோல.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எட்டாம் வகுப்புவரை எடுக்கும் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்கும் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குப் போனது. அது தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. அதுவரை இங்கே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புதான் பேச்சு. அப்பாவின் பழைய பதிவு அட்டையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அதே வருடம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள்.

முதலில் டெட் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் கலந்து வெயிட்டேஜ் பார்த்து நியமித்தார்கள். பத்து வருடத்துக்கு முன் பிளஸ் டூ எழுதியவருக்கும் நேற்று எழுதியவருக்கும் மதிப்பெண் போடும் விதமே மாறியிருந்தது, மூத்தவர்கள் நொந்துபோனார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை எண் 149 அதை மாற்றி, டெட் தேறியவர்கள் தனியாக ஒரு நியமனப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அதற்கும் எதிர்ப்பு நிறைய; 2013-இல் தேறிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது இரண்டாவது அடி. பட்டதாரி ஆசிரியருக்கும் இடைநிலை ஆசிரியருக்கும் அந்த நியமனத் தேர்வுகள் 2024-இல்தான் நடந்தன.

ஆகவே கணக்கு இதுதான்: படிப்பு, டெட், நியமனத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. தேர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டெட்டே 2013, 2017, 2019, 2022 என்று இடைவெளி விட்டுத்தான் வந்தது. நல்ல செய்தி ஒன்று: முன்பு ஏழு வருடம் மட்டும் செல்லுபடியான டெட் சான்றிதழ், 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழுக்கும் அது பொருந்தும்.

டெட்டுக்கு கோச்சிங் போகணுமா?

போகலாம், அவசியம் இல்லை. டவுனுக்குப் போய் வர நாளுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போகிறதென்றால் அந்த நேரத்தை வீட்டில் படிக்கச் செலவழிப்பதே மேல்.

முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். இரண்டாம் தாளில் முதல் மூன்றும் அதேபோல 30. மீதி 60 கணிதம்-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் நிரப்புங்கள். பொதுவான தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தளர்வை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் என்று பார்த்தால் அரசுப் பாடப் புத்தகங்களே முதலீடு. ஊர்ப் பள்ளியில் கேட்டால் பழைய பிரதி கொடுப்பார்கள். பாடத்தை மட்டும் படித்துவிட்டு, பின்னால் உள்ள பயிற்சிகளையும் பக்க ஓரத்துப் பெட்டிச் செய்திகளையும் விட்டுவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது குழந்தை மேம்பாட்டில். பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர்களின் பெயரையும் அவர்கள் சொன்ன வளர்ச்சி நிலையையும் மனப்பாடம் செய்தால் கேள்வி மாறி வரும்போது கை நிற்கும். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருந்தால் குட்டை டம்ளரில் உள்ள தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றிக் காட்டி, எதில் அதிகம் என்று கேளுங்கள். உயரமானதைத்தான் காட்டும். அது உயரத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யும் வயது என்று பியாஜே சொன்னது அதற்கப்புறம் மறக்காது.

நியமனத் தேர்வில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அசட்டையாகப் போய்ச் சறுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்வழிச் சான்றிதழ்னா என்ன? இப்பவே வாங்கணுமா?

இப்போதே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் திருத்தினார்கள், கடைசிப் பட்டம் மட்டும் தமிழ்வழி என்பது போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறில்லை. ஆனால் தாள் கையில் இருக்க வேண்டுமே!

ஒன்று முதல் ஐந்து ஒரு பள்ளி, ஆறு முதல் பத்து இன்னொன்று, பிளஸ் டூ வேறொன்று என்று படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி உங்கள் பெயரைத் தேட வேண்டும். பதிவேட்டில் 'சு.முத்துலட்சுமி', மதிப்பெண் பட்டியலில் 'எஸ்.முத்துலக்ஷ்மி' என்று இருந்தால் அன்றைக்கே பேச்சு வளரும். சில தொடக்கப் பள்ளிகள் இணைக்கப்பட்டு, பதிவேடு வேறு பள்ளி பீரோவில் இருக்கும். விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இதையெல்லாம் தொடங்கினால் நடக்காது. கோடை விடுமுறையிலும் போகாதீர்கள், தலைமையாசிரியர் இருக்க மாட்டார். ஜூன் இரண்டாம் வாரம் சரியான நேரம்.

கல்லூரியில் பயிற்று மொழியே தமிழ் என்று இருக்க வேண்டும். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்து பரீட்சையை மட்டும் தமிழில் எழுதியிருந்தால் கணக்கில் வராது.

படிக்கும்போது பண உதவி?

ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்கள் உண்டு. மாதம் 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

தேர்வு வரும்வரை என்ன செய்ய? இல்லம் தேடிக் கல்வியில் இருந்தேன், அது உதவுமா?

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்கு மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் நல்ல ஆசிரியர்களாக வருகிறார்கள், அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அது தகுதியும் ஆகாது, வேலைக்கான உரிமையும் ஆகாது.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் நியமனம் அவ்வப்போது வரும். 2022-இல் 13,331 இடங்களை இப்படி நிரப்பச் சொன்னார்கள். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்து, பிறகு தொகையை உயர்த்தினார்கள். சொந்த ஊர்ப் பள்ளியில் நிற்கும் வாய்ப்பு, அனுபவமும் கிடைக்கும். போங்கள். ஆனால் "இப்படியே நிரந்தரம் பண்ணிடுவாங்க" என்ற பேச்சை நம்பித் தேர்வுப் படிப்பை விட்டுவிடாதீர்கள். 2012-இல் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்த ஓவிய, தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் பத்து வருடம் கடந்தும் நிரந்தரம் கேட்டு வீதியில் உட்கார்ந்ததைப் பார்த்தோம்.

எனக்கு 38 வயசு, ரெண்டு பிள்ளைங்க. இனிமே முடியுமா?

முடியும். 2023 அக்டோபர் முதல் ஆசிரியர் நேரடி நியமனத்தின் உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு 60-இல். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை உங்கள் நேரம்.

உதவி பெறும் பள்ளியில் டெட் இல்லாமலே பல வருஷமா வேலை பார்க்கிறேன். எனக்கும் வேணுமா?

ஆமாம். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். ஐந்துக்குள் இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் டெட் வேண்டும். சிறுபான்மை நிறுவனங்கள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

கடைசியா ஒண்ணு. எங்க ஊரிலேயே போஸ்டிங் கிடைக்குமா?

முதலில் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேறியவர்கள் தென் மாவட்டங்களில் அதிகம், காலியிடம் வட மாவட்டங்களில் அதிகம். தரவரிசைப்படி திரையில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் முறை வருவதற்குள் பேருந்து வசதி உள்ள ஊர்கள் போய்விடும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர், தாளவாடி என்று மிச்சம் நிற்கும். தயங்காமல் எடுங்கள், பிறகு மாறுதல் கலந்தாய்வு இருக்கிறது.

போய்ச் சேரும் பள்ளி அநேகமாக ஈராசிரியர் பள்ளி. சட்டப்படி 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்தான். தலைமையாசிரியர் ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் கையில். சின்ன வகுப்புப் பிள்ளைகளை எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத் தரையில் வட்டமாக உட்கார வைத்திருப்பீர்கள். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு பின்னக் கணக்கில் நிற்கும். செல்போனில் வருகைப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும், சிக்னலுக்காக வாசல் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே இப்படி ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கிப் பாடம் எடுத்துப் பாருங்கள். டவுன் பள்ளியில் ஒரே வகுப்புக்குத் தயாரித்த பாடத்திட்ட நோட்டு அங்கே முதல் அரை மணிக்குத்தான் வரும்.

சேர்வதற்கு முன் ஒரு நாள் ஊரைப் போய்ப் பாருங்கள். காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு, மாலை கடைசிப் பேருந்து எத்தனைக்கு, வாடகைக்கு வீடு உண்டா. சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.